ஏரோனமியும் ஏரோலஜியும் ஒன்றல்ல

வணக்கம். மொழிபெயர்ப்பில் ‘ஏரோனமி’, ‘ஏரோலஜி’ இரண்டையும் ‘வளிமண்டலவியல்’ என்றே எழுதிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படிச் செய்யாதீர்கள், கட்டுரையின் பொருளே மாறிவிடும்.

ஏரோலஜி என்பது பலூன்களில் கருவிகளை அனுப்பி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரம் வரை வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றை அளக்கும் வானிலைத் துறையின் பழைய பெயர். ஏரோனமியோ, சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மூலக்கூறுகளைப் பிளந்தும் அயனியாக்கியும் காற்றின் இயல்பையே மாற்றிவிடும் மேலடுக்குகளை ஆராய்வது. ஓர் எடுத்துக்காட்டு: ஆக்சிஜன் மூலக்கூறு அங்கே இரண்டு அணுக்களாகப் பிளவுபடுகிறது, அவ்வணுக்கள் மீண்டும் இணையும்போது வெளிப்படும் ஆற்றலால்தான், ஏறத்தாழ 97 கிலோமீட்டர் உயரத்தில், 557.7 நானோமீட்டர் அலைநீளத்தில் மெல்லிய பச்சை ஒளி இரவு முழுவதும் கசிகிறது. இதை வானிலையியலில் அடக்க முடியாது.

பிரிட்டிஷ் புவி இயற்பியலாளர் சிட்னி சாப்மன் 1946இல் ‘ஏரோனமி’ என்ற சொல்லை முன்மொழிந்தபோது அதற்கு இன்னும் விரிந்த பொருள் இருந்தது. மேலடுக்குகளுக்கு மட்டுமென அது சுருங்கியது பின்னர்தான். ஆகவே உங்கள் மூலக்கட்டுரை எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதை முதலில் பாருங்கள்.

நானாக இருந்தால் ‘மேல்வளிமண்டலவியல்’ என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘ஏரோனமி’ என்பதை அடைப்புக்குறிக்குள் தருவேன். செவ்வாய், வெள்ளி ஆகிய கோள்களின் மேல்வளிமண்டல ஆய்வுக்கும் இதே சொல் வழங்குவதால், ‘புவியின்’ என்ற அடைமொழியை மூலத்தில் இருந்தாலொழியச் சேர்க்க வேண்டாம்.