எத்தனை கிறிஸ்துமஸ் கண்டது உங்கள் மரம்?

கேள்வி: கிறிஸ்துமஸுக்காக ஆண்டுதோறும் உயிருள்ள மரங்களை வெட்டிச் சாய்க்கிறார்களே, அவர்களைக் கண்டித்து உங்கள் பத்திரிகை ஒரு வரிகூட எழுதாதது ஏன்? நாங்கள் செயற்கை மரம்தான் வைக்கிறோம். நான்கு ஆண்டுகளாக வைத்திருந்தது சிறியதாகத் தெரிந்ததால், இந்த முறை ஆறரை அடியில் புதிதாக வாங்கிவிட்டோம். விளக்குகள் எல்லாம் எல்.இ.டி. என்பதால் வீட்டைச் சுற்றியும் தோட்டத்து மரங்களிலும் தாராளமாகப் போட்டிருக்கிறோம். எல்லோரும் இப்படிச் செய்தால் பூமி பிழைக்குமே!

— ஒரு வாசகி

பதில்: உங்கள் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அதனால்தான் பூசி மெழுகாமல் எழுதுகிறேன். நீங்கள் கேட்கும் கண்டனத்தை எழுத முடியாது. இந்த ஆண்டு நீங்கள் செய்திருப்பது, வெட்டிய மரம் ஒன்றை வாங்கி வைத்த குடும்பம் செய்ததைவிடப் பூமிக்குக் கூடுதல் சுமை.

வெட்டுகிறார்கள் என்றதும் காடு அழிகிறது என்று மனம் பதறுகிறது. ஆனால் விற்பனைக்கு வரும் மரங்களில் பெரும்பாலானவை காட்டு மரங்கள் அல்ல. நார்ட்மன் ஃபர், ஃப்ரேசர் ஃபர், நார்வே ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மர வகைகளை இதற்கென்றே பண்ணைகளில் நட்டு வளர்க்கிறார்கள். ஒரு மரம் ஆளுயரத்தைத் தாண்ட ஏழு முதல் பத்து ஆண்டுகள் பிடிக்கும். ஓர் ஆண்டில் வெட்டப்படுவது பண்ணையின் ஒரு பகுதிதான். மற்றவை நின்று வளர்ந்துகொண்டிருக்கும், வெட்டிய இடத்தில் மறுபடியும் கன்று நடப்படும். ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டுப் பூச்சிமருந்து தெளிக்கும் பண்ணையைக் காடு என்று நான் சொல்லமாட்டேன். அதன் குறைகள் எனக்குத் தெரியும். ஆனாலும் அது காட்டை அழிப்பதாகாது.

இப்போது உங்கள் மரத்துக்கு வருவோம். அதன் ஊசியிலைகள் பி.வி.சி. அல்லது பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக், தண்டும் கம்பிகளும் இரும்பு. பெரும்பாலும் சீனத் தொழிற்சாலைகளில் உருவாகிக் கப்பலேறி வருகிறது. சுமார் 2 மீட்டர், அதாவது நீங்கள் வாங்கியிருக்கும் அதே உயரமுள்ள செயற்கை மரம் ஒன்றினால் ஏறத்தாழ 40 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான பாதிப்பு ஏற்படுகிறது என்பது பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு போட்ட கணக்கு. அதே உயரமுள்ள உண்மையான மரத்தைப் பண்டிகை முடிந்ததும் தூளாக்கி மண்ணில் பரப்பினாலோ எரித்தாலோ மூன்றரை கிலோதான். வகுத்துப் பாருங்கள்: பத்துப் பன்னிரண்டு கிறிஸ்துமஸ்களாவது அந்த ஒரே செயற்கை மரத்தை வைத்தால்தான் கணக்கு நேராகும். கனடாவின் மாண்ட்ரியலைச் சேர்ந்த எலிப்சோஸ் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஆய்வோ இருபது ஆண்டுகள் வேண்டும் என்கிறது. மரம் எங்கிருந்து வருகிறது, கடைசியில் எங்கே போகிறது என்பதை வைத்து இந்த எண்கள் கூடும், குறையும். எப்படிப் பார்த்தாலும் நான்கு ஆண்டுகளில் மாற்றுவது அவசரம். கிளை ஒடியவில்லை, நிறம் வெளுக்கவில்லை. சிறியதாகத் தெரிந்தது என்பதுதான் நீங்களே சொல்லும் ஒரே காரணம். எனக்கு உண்மையில் வருத்தம் தந்த வரி அதுதான்.

உண்மையான மரம் வைப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஜனவரியில் அதைக் குப்பையோடு குப்பையாகப் போட்டு, அது குப்பைக்கிடங்கில் புதைந்தால் மூன்றரை கிலோ என்பது 16 கிலோ ஆகிவிடும். காற்றுப் படாமல் மட்கும்போது மீத்தேன் வெளிவருகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கும். மினுக்குத் தூளும் செயற்கைப் பனியும் தெளித்த மரத்தை உரமாக்கவும் முடியாது. இன்னொன்று: மரம் வாங்கக் காரில் எவ்வளவு தூரம் போனீர்கள்? சாதாரண பெட்ரோல் கார் இருபது கிலோமீட்டர் ஓடினாலே அந்த மூன்றரை கிலோ வந்துவிடும்.

வாங்கியது வாங்கியதுதான். குற்ற உணர்ச்சியில் புதிய மரத்தையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது இன்னும் மோசம். பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருங்கள். பழையதை, இந்த ஆண்டு புதிதாக ஒன்று வாங்க நினைத்திருக்கும் தேவாலயத்துக்கோ பள்ளிக்கோ கொடுங்கள். அவர்கள் வாங்காமல் விட்டால்தான் உங்கள் கொடைக்குப் பலன். எக்காரணம் கொண்டும் அதை எரிக்காதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டயாக்சின்கள் என்னும் நச்சுப்பொருள்கள் வெளியாகும்.

விளக்கு விஷயத்தில் கணக்கு தலைகீழ். மரம் பழையதாக இருப்பது நல்லது. பழைய குண்டு பல்பு சீரியல் விளக்கை மாற்றுவதுதான் நல்லது. ஏனெனில் விளக்கின் பெரிய செலவு அதைச் செய்வதில் இல்லை, எரிப்பதில்தான் இருக்கிறது. நூறு சிறு பல்புகள் கொண்ட பழைய சரம் சுமார் 40 வாட் இழுக்கும், எல்.இ.டி. சரத்துக்கு 5 வாட் போதும். தினம் ஆறு மணி நேரம் வீதம் ஒரு மாதம் எரிந்தால் முன்னது 7.2 யூனிட், பின்னது 0.9 யூனிட். நீங்கள் எல்.இ.டி.க்கு மாறியது சரி. ஆனால் மிச்சமாகிறதே என்று ஒன்றுக்கு எட்டுச் சரமாகக் கட்டினால் மிச்சம் எங்கே? 1865-இல் பிரிட்டன் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் நிலக்கரியைப் பற்றி இதையேதான் எழுதினார்: நீராவி எந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆக, நாட்டின் மொத்த நிலக்கரிச் செலவு ஏறிக்கொண்டே போனது.

மின்சாரமாவது மீட்டரில் தெரியும். இருட்டு அழிவது எந்த மீட்டரிலும் தெரிவதில்லை. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் அமெரிக்க நகரங்கள் பல வழக்கத்தைவிட 20 முதல் 50 சதவீதம் கூடுதலாக ஒளிர்வதை, சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோளின் பதிவுகளைக் கொண்டு நாசா 2014-இல் காட்டியது. ரமலான் மாதத்தில் மத்தியக் கிழக்கின் சில நகரங்களிலும் இதே ஏற்றம் தெரிந்தது. எந்த மதத்தாரையும் குறை கூற இதைச் சொல்லவில்லை. கொண்டாட்டத்தை வெளிச்சத்தின் அளவால் அளக்கும் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. அதற்குப் பூச்சிகளும் பறவைகளும் விலை கொடுக்கின்றன. விளக்கைச் சுற்றியே பறந்து ஓய்கிற அந்துப்பூச்சி அன்றிரவு இரை தேடுவதுமில்லை, இணை சேர்வதுமில்லை. நீலம் கலந்த வெள்ளை ஒளி காற்றில் அதிகம் சிதறி வானத்தை வெளிறச் செய்கிறது.

ஆகவே தோட்டத்து மரங்களில் சுற்றியிருப்பவற்றை முதலில் அவிழ்த்துவிடுங்கள்; பறவைகள் இரவில் அடைவது அங்கேதான். வீட்டுக்குள்ளும் வாசலிலும் இருப்பவை இருக்கட்டும். அடுத்த முறை வாங்கும்போது மஞ்சள் சாயலுள்ள விளக்காகப் பார்த்து வாங்குங்கள். ஒரு டைமர் பொருத்தி, வீட்டார் படுக்கப் போகும் நேரத்தில் எல்லாம் அணையும்படி வைத்துவிடுங்கள்.