மொட்டைக்கு ஒரு ரேசர் செய்யலாமா? – கேள்வி பதில்

கும்பகோணத்தில் 26 வருடமாகச் சலூன் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறேன். ரேசர், பிளேடு பற்றி வந்த கேள்விகளில் துவாக்குடித் தம்பியுடையதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை அதை ஒட்டியே வந்தவை.

துவாக்குடியிலிருந்து: சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறோம். பித்தளையில் மூன்று துண்டு சேஃப்டி ரேசர் கடைந்து, குரோம் பூசி விற்கிறோம். சமயபுரத்தில் மொட்டை போடும் கூட்டத்தைப் பார்த்ததிலிருந்து, மொட்டைக்கென்றே ஒரு ரேசர் செய்யலாமே என்று தோன்றுகிறது. இறங்கலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. தலைகளை எண்ணாதீர்கள், காசு கொடுப்பது யார் என்று பாருங்கள். மொட்டை போட்டுக்கொள்பவர் கத்தியைத் தேர்ந்தெடுப்பதில்லை. அறநிலையத் துறைக் கோயில்களில் 2021-லிருந்து முடி காணிக்கைக்குக் கட்டணமும் கிடையாது. கத்தி பிடிப்பவருக்கோ, பாதி பிளேடு செருகும் மடக்குக் கத்தி கையோடு ஒட்டிப்போன சாமான். அவர் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிளேடைக் காகிதத்தோடு நீளவாக்கில் வளைப்பார், டக்கென்று இரண்டாகும். ஒரு பாதியைச் செருகுவார், தலையை நனைப்பார், உச்சியிலிருந்து வழிப்பார். அடுத்த தலைக்குப் பழைய பாதியை உருவிப்போட்டு மறுபாதி. ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. எல்லாம் ரத்தத்தில் பரவுபவை, அதனால் தலைக்குத் தலை பிளேடு மாறியே ஆக வேண்டும். உங்கள் ரேசரில் பிளேடு மாற்றக் கைப்பிடியைத் திருகிக் கழற்றி, மூன்று துண்டையும் பிரித்து, மறுபடி பூட்ட வேண்டும். ஆடி வெள்ளிக் கூட்டத்தில், ஈரக் கையோடு, இது நடக்கவே நடக்காது.

மன்னார்குடியிலிருந்து: லாபம் பிளேடில்தானே? துவாக்குடிக்காரர் பிளேடே செய்யலாமே?

லாபம் பிளேடில்தான். ஜில்லெட் விற்பனை தொடங்கிய 1903-ல் போனது 51 ரேசரும் 168 பிளேடும். பிறகு அந்தக் கம்பெனியை வாழவைத்தது பிளேடுதான். ஆனால் அது 0.1 மில்லிமீட்டர் கனத் தகடு. சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகைச் சூடேற்றிக் கடினமாக்கி, முனை தீட்டி, மேலே டெஃப்லான் பூச வேண்டும். லேத் பட்டறை தொடக்கூடிய வேலை இல்லை.

பாபநாசத்திலிருந்து: மாமனார் பக்கவாதம் வந்து ஏழு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். வாரம் ஒரு தடவை நான்தான் சவரம் செய்கிறேன். கை நடுங்குகிறது. இதற்கென்று ரேசர் கிடையாதா?

அம்மா, உங்கள் கை நடுக்கம் எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கு ஒன்றரை வருடம் நான் செய்தேன். நமக்கு நாமே செய்யும்போது கன்னத்தை உப்பிக்கொள்கிறோம், உதட்டை இழுத்துக்கொள்கிறோம். அவரால் அது முடியாது. பல் போய்க் கன்னம் குழிந்திருக்கும், தாடை எலும்பின் மேல் தோல் வழுக்கும், ரேசரைத் தலைகீழாகப் பிடித்தால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சின்னக் கீறலே நிற்காமல் கசியும். வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு நிமிடம் கன்னத்தில் போட்டுவையுங்கள். இடது கையால் தோலைக் காது பக்கம் இழுத்துப் பிடித்து, முடி வளர்ந்த திசையிலேயே வழியுங்கள். இப்போதைக்கு ஒற்றை பிளேடு உள்ள சாதாரண கார்ட்ரிட்ஜ் ரேசர் போதும். மூன்று பிளேடு வேண்டாம், ஒரு வார முடி உடனே அடைத்துக்கொள்ளும்.

பிறருக்குச் சவரம் செய்வதற்கென்றே ஜில்லெட் 2017-ல் ட்ரியோ என்று ஒன்றை வெளியே காட்டியது. கைப்பிடிக்குள்ளேயே ஜெல், பக்கத்தில் தண்ணீர் தேவையில்லை. என் கடைக்கு அப்படி ஒன்று வந்ததே இல்லை.

துவாக்குடித் தம்பி, இதைக் கவனியுங்கள். இங்கே காசு கொடுப்பவரும் ரேசரைப் பிடிப்பவரும் ஒரே ஆள், கஷ்டப்படுபவரும் அவரேதான். நான் இறங்கச் சொல்வது பிறருக்குச் சவரம் செய்யும் இந்த ரேசரில்தான்.

நாச்சியார்கோவிலிலிருந்து: குத்துவிளக்கு வார்க்கிறோம். கைப்பிடியை நாங்கள் வார்த்துத் தரலாமா?

தரலாம். ஆனால் வழுவழுப்பாக வேண்டாம், சோப்புக் கையில் வழுக்கும். குட்டையாக, பருமனாக, ஆள்காட்டி விரல் அமர ஒரு பள்ளம் வையுங்கள். குரோம் மட்டும் அவசியம், இல்லாவிட்டால் களிம்பு ஏறும்.

மறுபடி துவாக்குடியிலிருந்து: சரி அண்ணே. இப்போதுள்ள ரேசரையே கைப்பிடி மாற்றி விற்கவா? எத்தனை செய்யலாம்?

அப்படியே விற்காதீர்கள். பிளேடு முனைக்கும் தடுப்புப் பட்டைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் குறைத்து, முனை வெளியே தெரிவதையும் குறைத்து, தலையைப் புதிதாகக் கடையுங்கள். ஒரு வார முடி சிக்காமல் வெளியேற அடியில் அகலமான வழி விடுங்கள்.

அப்புறம், சோதனை எங்கே செய்கிறீர்கள் என்பது முக்கியம். ஜில்லெட் இந்தியாவுக்கென்று ஒரு ரேசர் செய்து, அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தது. அவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இங்கே வந்ததும் முடி அடைத்தது. நம் ஆட்கள் சவரம் செய்வது ஒரு கிண்ணத் தண்ணீரில், ஓடும் குழாயில் இல்லை. பிறகு நம் வீடுகளிலேயே உட்கார்ந்து பார்த்துத்தான் 2010-ல் 15 ரூபாய்க்கு ‘கார்டு’ (Guard) என்ற ரேசரைக் கொண்டுவந்தார்கள்.

அதனால் முதலில் 50 மட்டும் கடையுங்கள். கடன் வாங்க வேண்டாம், பித்தளை ரேசர் வருடக்கணக்கில் உழைக்கும், வாங்கினவர் மறுபடி வாங்க வரமாட்டார். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்க்கும் நர்ஸ்களிடம் முதலில் கொடுங்கள், அவர்கள் கை பக்குவப்பட்டது. மூன்று மாதம் கழித்து எங்கே வழுக்கியது, எங்கே கீறியது என்று கேளுங்கள். பாபநாசத்து அம்மாவுக்கு அதற்கப்புறம் ஒன்று அனுப்புங்கள், காசு நான் தருகிறேன்.