புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்கவில்லை: மோட்டாரை மாற்றலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். 2003ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் காரை இன்னும் ஓட்டி வருகிறோம். காலையில் சாவியைத் திருகினால் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் விளக்கும் ஹாரனும் வேலை செய்கின்றன. நாலைந்து முறை திருகினால் கிளம்புகிறது. பட்டறையில் சொன்னபடி புது பேட்டரி மாற்றியும் குறை தீரவில்லை. இப்போது செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். பேட்டரிக் கடைக்காரரோ உத்தரவாதத்தில் மாற்றித் தர மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: மோட்டாருக்குப் பணம் கொடுப்பதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், பேட்டரியை விடவும் மோட்டாரை விடவும் அவை இரண்டையும் இணைக்கும் தடித்த வயர்களின் முனைகள் மீதுதான் எனக்கு முதல் சந்தேகம் எழுகிறது. முதுநகர், தேவனாம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று பட்டு, பேட்டரி முனைகளிலும், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையிலும் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு ஏறுவது சாதாரணம். வெளியே சுத்தமாகத் தெரியும் வயரின் ரப்பர் உறைக்குள்ளேயே செம்பு கறுத்துப் போயிருப்பதும் உண்டு.

விளக்கு எரிவதால் மின் இணைப்பு சரியாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. முகப்பு விளக்குகளுக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாரோ 100 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். களிம்பேறிய ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடை மட்டுமே இருந்தாலும், 100 ஆம்பியர் பாயும்போது அந்த இடத்திலேயே 2 வோல்ட் வீணாகிவிடும். ஓடாத வண்டியில் மீட்டரை வைத்து “12.6 வோல்ட் இருக்கிறது, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்வதால் இந்தக் குறை பிடிபடாது. மின்சாரம் பாயும்போதுதான் அளக்க வேண்டும்.

நம்பகமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை, பணம் கொடுத்தாவது, இதைச் செய்யச் சொல்லுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எரிபொருள் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தண்டிலும் மறு முனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்து, இன்னொருவர் சாவியைத் திருக வேண்டும். மீட்டர் 0.2 வோல்ட் அளவில் நின்றால் எர்த் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் குறை அங்கேதான். பாசிட்டிவ் தண்டிலிருந்து மோட்டாரின் தடித்த முனைவரைக்கும் இதேபோல் அளந்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதே நேரத்தில் பேட்டரியின் இரு தண்டுகளுக்கு இடையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டும் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

இவை சரியாக இருந்தால், சாவி சுவிட்சிலிருந்து சொலினாய்டுக்கு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்த சுவிட்சுக்கு) வரும் மெல்லிய வயரைப் பாருங்கள். இத்தனை ஆண்டு பழைய சுவிட்சின் உள் தகடு தேய்ந்திருக்கலாம். அந்த மெல்லிய வயரின் முனைக்கும் மோட்டாரின் தடித்த முனைக்கும் முழு மின்னழுத்தம் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். அப்போதும் கார்பன் பிரஷ், புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்), சொலினாய்டின் உள் முனைகள் ஆகியவற்றை மாற்றினாலே பல மோட்டார்கள் சரியாகிவிடும்.



களிம்பைச் சுத்தம் செய்யும்போது நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, கடைசியாக மாட்ட வேண்டும். சோடா உப்பு கரைத்த வெந்நீரால் கழுவி, உலர்த்தி, கம்பி பிரஷால் தேய்த்து, இறுக்கி மாட்டிய பிறகு பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். செம்பு கறுத்த வயரை மட்டும் முழுதாக மாற்றிவிடுவது நல்லது.

கடைக்காரர் விஷயத்தில், அவர் மறுப்பது எல்லாச் சூழலிலும் தவறாகாது. உத்தரவாதம் பேட்டரியின் தயாரிப்புக் குறைக்கு மட்டுமே பொருந்தும். ஆனால் லோடு டெஸ்ட் (பேட்டரியிலிருந்து அதிக மின்சாரத்தை இழுத்துப் பார்க்கும் சோதனை) செய்து முடிவை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அதில் பேட்டரி தோற்றும் அவர் மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை. இதற்கெல்லாம் ரசீது வேண்டும். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். பட்டறையிலும் அளந்த வோல்ட் கணக்கைப் பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள்; எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கேட்டுப் பெறுங்கள்.