பாட்டில் நிரம்பியே திரும்பி வருகிறதா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. குழந்தையிலிருந்தே வாரத்தில் நாலைந்து நாள் படுக்கையை நனைத்துவிடுகிறான். பகலில் பிரச்சினை இல்லை. ராத்திரி தண்ணீரே கொடுப்பதில்லை, பன்னிரண்டு மணிக்கு எழுப்பியும் கூட்டிப்போகிறேன், ஆனாலும் விடிவதற்குள் நனைந்துவிடுகிறது. மாமியார் சூடு போடுவேன் என்று மிரட்டுகிறார். லீவுக்கு என் அம்மா வீட்டுக்கு வரவே மாட்டேன் என்கிறான்.

பதில்: முதலில் அந்தச் சூட்டுப் பேச்சை நிறுத்துங்கள். தூக்கத்தில் நடப்பது அவன் கையில் இல்லை. இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் சில பிள்ளைகளுக்குப் போதுமான அளவு சுரக்கத் தாமதமாகும், சிறுநீர்ப்பை நிரம்பினாலும் விழிப்பு வராது. பெரும்பாலும் இது குடும்பத்தில் வருவது. உங்கள் கணவர் எத்தனை வயது வரை பாயை நனைத்தார் என்று மாமியாரிடமே கேளுங்களேன்!

ராத்திரியை விட்டுப் பகலைக் கவனியுங்கள். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறதா? ஸ்கூல் பாத்ரூம் நாற்றத்துக்குப் பயந்து நிறைய பிள்ளைகள் குடிக்காமலும் போகாமலும் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தாகத்தில் சொம்பு சொம்பாகக் குடிக்கிறார்கள், அப்புறம் அத்தனையும் ராத்திரிதான் வெளியே வரும். அதனால் காலையிலும் மதியத்திலும் நன்றாகக் குடிக்கட்டும், இரண்டு மூன்று மணிக்கொரு முறை போகட்டும், டீச்சரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தங்கிப்போன மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும், அதைச் சரிசெய்தாலே சிலருக்குப் படுக்கை காய்ந்துவிடுகிறது.

பன்னிரண்டு மணிக்கு அரைத்தூக்கத்தில் கூட்டிப்போவதால் போர்வை தப்பிக்கும், அவ்வளவுதான், பழக்கம் வராது. நனைந்தவுடன் ஒலிக்கும் அலாரம் இருக்கிறது, பலருக்குப் பலன் தருகிறது, ஆனால் இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும், ஆரம்பத்தில் அவனுக்கு முன்னால் நீங்கள்தான் எழுந்திருப்பீர்கள். இரவில் சிறுநீர் சேர்வதைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் என்ற மாத்திரையும் உண்டு. அதைப் போட்ட பிறகு இரவில் தண்ணீர் அதிகம் குடித்தால் ஆபத்து என்பதால் டாக்டர் எழுதிக்கொடுக்காமல் வேண்டாம்.

எப்படியும் ஒருமுறை குழந்தைகள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சிறுநீர் போகும்போது எரிச்சல், அடங்காத தாகம், எடை குறைவது என்று ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமலிருந்து திடீரென ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுதான், சிறுநீரும் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும்.

லீவுக்கு ஒரு ரப்பர் ஷீட்டும் இரண்டு கால்சட்டையும் கூடுதலாக எடுத்துவையுங்கள். உங்கள் அம்மாவுக்கு முன்கூட்டியே போன் செய்து, நனைந்த போர்வையை மொட்டை மாடியில் எல்லார் கண்ணிலும் படும்படி காயப்போட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அம்மா சரி என்றதை அவனிடமும் சொல்லுங்கள்.