ஸ்டியரிங் புஷ்ஷை வீட்டில் மாற்றலாமா?

கேள்வி: என்னிடமுள்ள ஜப்பானியக் காருக்கு இருபது வயதாகிறது. காலி வீதியில் ஓட்டும்போது, ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பிய பின்னரே கார் திரும்பத் தொடங்குகிறது. பள்ளங்களில் விழுந்தெழும்போது முன்பக்கத்தில் 'டொக்' என்ற சத்தமும் கேட்கிறது. கராஜில் ஸ்டியரிங் ரக்கையே மாற்ற வேண்டும் என்கிறார்கள்; புஷ்ஷை மாற்றினால் போதும் என்கிறார் நண்பர் ஒருவர். அதை வீட்டில் நானே செய்யலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: நண்பர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் ரக்கையும் வாங்க வேண்டாம், புஷ்ஷையும் வாங்க வேண்டாம்.

ரக் என்பது ஸ்டியரிங்கின் சுழற்சியைச் சில்லுகளுக்குக் கடத்தும் பாகம்; முன் சில்லுகள் இரண்டுக்கும் நடுவே, குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும் நீண்ட உலோகக் கூடு. அதற்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இறப்பர் துண்டுகளே புஷ்கள். அவை தேய்ந்துவிட்டால், அல்லது கசியும் ஒயிலில் ஊறி இளகிவிட்டால், நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சில்லுகளுக்கு முன்னதாக ரக்கே பக்கவாட்டில் நகர்ந்துவிடும்; நீங்கள் உணரும் தாமதம் அதனால் ஏற்படலாம். எனினும் ரக்கைச் சில்லுகளோடு இணைக்கும் டை ரொட் முனைகள், சில்லுகளைக் காரோடு இணைக்கும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ட், ஸ்டியரிங் தண்டிலுள்ள மூட்டு, ரக்கின் உள்ளே தேய்ந்த பற்கள் ஆகியவற்றில் எது பழுதானாலும் ஏறக்குறைய இதே அறிகுறிகள்தான் தோன்றும்.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். கார் நான்கு சில்லுகளிலும் தரையில் நிற்கட்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை விடுவித்து, எஞ்சினை இயக்குங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு விரைவாக அசைக்க, மற்றவர் பொனெட்டைத் திறந்து மேலிருந்து டோர்ச் அடித்து ரக்கின் கூட்டைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது எவரும் காருக்குக் கீழே போகக் கூடாது. கையையும் உள்ளே விடக் கூடாது. கூடு, அதைச் சட்டத்தோடு பூட்டியிருக்கும் பிடிப்பானுக்குள் பக்கவாட்டில் வழுக்கினால் பழுது புஷ்ஷில்தான். பல நாள் அசைந்த இடத்தில், துருவுக்கு நடுவே உராய்ந்து பளபளக்கும் மெல்லிய கோடொன்றையும், பிடிப்பானின் விளிம்பில் கருமையான இறப்பர்த் தூளையும் காணலாம். கூடு அசையாமல் சத்தம் மட்டும் கேட்டால், முன்பக்கத்தை உயர்த்தி, சில்லின் இரு பக்கங்களையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் டை ரொட்டைச் சந்தேகிக்க வேண்டும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் போல் ஜொயின்ட்டையோ பெயாரிங்கையோ பார்க்க வேண்டும்.

இனி வீட்டில் செய்யலாமா என்பது. இது உங்கள் திறமையைவிடக் காரின் அமைப்பையே பொறுத்தது. சில கார்களில் புஷ் ஒரு பக்கம் பிளந்த இறப்பராக, வளைந்த பிடிப்பானுக்குக் கீழே இருக்கும். இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். அதை நீங்களே மாற்றலாம். வேறு சிலவற்றில் உருக்கு உறையுடன் கூடிய வட்டப் புஷ், ரக்கின் காதுகளுக்குள் (போல்ட் நுழையும் துளைகளுக்குள்) அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு ரக்கை இறக்க வேண்டும், பவர் ஸ்டியரிங் குழாய்களையோ மின் இணைப்புகளையோ கழற்ற வேண்டும். சில கார்களில் குறுக்குச் சட்டத்தையும் தாழ்த்த வேண்டியிருக்கும். தொடர்மாடி வாகனத் தரிப்பிடத்தில் செய்கிற வேலை அதுவன்று.

முதல் வகையாக இருந்தால், சமதளமான கொங்கிரீட் தரையில், பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான ஸ்டாண்ட் இரண்டின் மீது இறக்கிவிட்டே கீழே செல்லுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுப்பதை எக்காரணம் கொண்டும் ஏற்க முடியாது. கடற்காற்றில் துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாளிரவே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து வையுங்கள். ஒரு பக்கத்தை முடித்துப் பூட்டிய பின்னரே மறுபக்கத்தைக் கழற்றினால் ரக் பெரிதாக இடம் மாறாது. புதிய இறப்பர் உள்ளே போக மறுத்தால் சவர்க்கார நீரைத் தடவுங்கள். சாதாரண கிறீஸ் இறப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். இறுதியாக, காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளக்கும் டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள், ஏனெனில் அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ட்டோ அதன் மரையோ கெட்டுவிடக்கூடும்.

ஸ்டியரிங் தண்டின் மூட்டைக் கழற்ற வேண்டி வந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். சில்லுகளை நேராக்கி, மூட்டில் பெயின்டால் அடையாளமிட்டு, ஸ்டியரிங் சுழலாதபடி சீட் பெல்ட்டால் கட்டிவிடுங்கள். எயார் பேக் உள்ள கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே சுருள் வயர் ஒன்று உண்டு. தண்டு கழன்ற நிலையில் ஸ்டியரிங் தாறுமாறாகச் சுற்றினால் அது அறுந்து, ஹோர்னும் எயார் பேக்கும் வேலை செய்யாமற் போய்விடும். சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் உயிர் காக்கும் பொருளை இழப்பது பெரிய நட்டம்.

கேள்வி: கார் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பாவித்த புஷ்ஷும் கிடைக்கிறது, பொலியூரிதேன் புஷ்ஷும் கிடைக்கிறது. எது நல்லது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பாவித்த உலோகப் பாகங்களை நன்கு பார்த்து வாங்கலாம், பாவித்த இறப்பரை வாங்காதீர்கள். சும்மா கிடந்தாலும் இறப்பர் இறுகி வெடிக்கும். பொலியூரிதேன் நெடுங்காலம் உழைக்கும், ஒயிலையும் தாங்கும். ஆனால் கடினமானது என்பதால் வீதியின் அதிர்வு உங்கள் கைக்கு வந்து சேரும். அன்றாடம் அலுவலகம் போய்வரும் காருக்கு நான் புதிய இறப்பர் புஷ்ஷையே சொல்வேன். சேசிஸ் இலக்கத்தையும், முடிந்தால் கழற்றிய பழைய புஷ்ஷையும் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். ஒரே மாடலில்கூட அளவு வேறுபடுவதுண்டு. பழையது ஒயிலில் ஊறியிருந்தால், கசிவை நிறுத்தாமல் புதியதைப் போடுவதில் பயனில்லை.

கேள்வி: புஷ் மாற்றிய பின் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் நேராக ஓடும்போது ஸ்டியரிங் சற்றுச் சரிந்து நிற்கிறது. அதைக் கழற்றி நேராக மாட்டலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: கழற்ற வேண்டாம். ரக் முன்பிருந்த இடத்திலிருந்து சிறிது விலகி உட்கார்ந்திருக்கலாம். சில்லுகளின் கோணத்தைச் சரிபார்க்கும் வீல் எலைன்மென்ட் செய்யும் இடத்தில், ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்திவிட்டு, இரு பக்க டை ரொட்டுகளையும் சரிசெய்யச் சொல்லுங்கள். தண்டின் மூட்டைக் கழற்றியிருந்தால், அது ஒரு பல் மாறிப் பூட்டப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். சில்லுகளின் கோணமும் மாறியிருந்தால் முன் டயர்கள் ஓரத்தில் விரைவாகத் தேயும்.