2008-இல் மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி ஏன் அப்படிச் சரிந்தது? புதுப் பயிற்சியாளர்தான் காரணமா?

பாதிக் காரணம் அவர்தான். ரிச் ரோட்ரிகஸ் வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து கொண்டுவந்த, ஆட்களை அகலமாகப் பரப்பி ஆடும் 'ஸ்பிரெட்' ஆட்டமுறைக்கு உயிர்நாடி, ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவர்). எதிரணியின் விளிம்புத் தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரின் வயிற்றருகே நீட்டியபடி அந்த ஆளையே பார்ப்பார். அந்தத் தடுப்பாளர் ஓட்டக்காரர் மீது பாய்ந்தால், குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளிப்பக்கமாக ஓடுவார். தடுப்பாளர் நின்றுவிட்டால் பந்தை ஓட்டக்காரரிடமே கொடுத்துவிடுவார். குவார்ட்டர்பேக்கின் ஓட்டத்துக்கு யாரும் பயப்படாவிட்டால் இந்தத் தந்திரமே செத்தது. தடுக்காமல் விட்டவர் நேராக ஓட்டக்காரரை அமுக்கிவிடுவார்.

மிச்சிகனில் நடந்தது அதுதான். முந்தைய ஆண்டின் முக்கிய ஆட்டக்காரர்களான சாட் ஹென்னி, மைக் ஹார்ட், ஜேக் லாங் எல்லாரும் போயாயிற்று. குவார்ட்டர்பேக் ரயன் மாலெட் ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார். மிஞ்சிய குவார்ட்டர்பேக்குகளான த்ரீட், ஷெரிடன் இருவருமே அனுபவமில்லாதவர்கள், ஓட்டத்துக்குப் பேர்போனவர்களும் அல்லர். விளைவு 3 வெற்றி, 9 தோல்வி, டொலீடோ என்ற சிறிய அணியிடம்கூட 13-10 எனத் தோல்வி. தொடர்ந்து 33 ஆண்டுகள் கிடைத்துவந்த பௌல் (பருவ இறுதிச் சிறப்பு ஆட்டம்) வாய்ப்பும் போனது. இடைவேளையில் 19-0 எனப் பின்தங்கியிருந்தும் விஸ்கான்சினை 27-25 என வென்றது மட்டும் ஆறுதல்.

கையிருப்பு ஆட்களுக்கேற்ப முறையைத் தளர்த்தாதது, என் கணக்கில், பயிற்சியாளரின் பிழை.