இடியன் துவக்கும் அதுக்கு மருந்தும்: கேட்டதும் சொன்னதும்

ரெண்டு கிழமையா ஆளாளுக்குக் கேக்கிறீங்க, தனித்தனியா எழுதி எழுதி விரல் நோகுது, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில போட்டுடுறன். என்னத் தெரியாதாக்களுக்கு: ஊர் களுவாஞ்சிகுடி, அம்மப்பாட வயல் வெல்லாவெளிப் பக்கம். கனடாவில ஒண்டாரியோவில 22 வருஷம் இரிந்தன், அதில 15 வருஷம் ஒரு கிளப்பில கறுப்பு மருந்துத் துவக்கு (மருந்து எண்டா வெடிமருந்து) சுட்டன், அதான் நம்மட ஆக்கள் இடியன் எண்டு சொல்லுற, வாயால மருந்தப் போட்டு இடிக்கிற துவக்கு. இப்ப ஊரோட வந்திட்டன், சாமான் எல்லாம் அங்க மகன்ட பொறுப்பில. இஞ்ச என்ட கையில ஒரு துவக்கும் இல்ல, ஒருக்காக் காட்டுங்க அண்ணன் எண்டு ஆரும் வீட்ட வந்திராதீங்க.

கல்முனைத் தம்பி ஒராள், இப்ப டொரொண்டோவில: வேலை செய்யிற இடத்து வெள்ளைக்காரன் ஒருத்தன் கூட்டிப் போய்ச் சுடக் காட்டினான், ஆசை வந்திட்டு. முதல்ல என்ன வாங்கிற அண்ணன்?

முதல்ல ஒண்டும் வாங்காத தம்பி. பாதுகாப்புக் கோர்ஸ் ஒண்டு இரிக்கு, அதச் செய்து லைசன்ஸ எடு. கனடாச் சட்டத்தில சக்கிமுக்கிப் பூட்டு, அதாவது கல்லு உரசிப் பொறி பறந்து மருந்து பத்துற பூட்டுப் போட்ட நீட்டுத் துவக்கு, புதுசாச் செய்த நகலா இரிந்தாலும் பழம்பொருள் கணக்குக்குள்ள போகுது, ஆனா கேப் பூட்டு, அதாவது அடிச்சாப் பத்துற சின்னச் செப்பு மூடி வைக்கிற பூட்டு, அதுட நகலுக்கு லைசன்ஸ் வேணும். அதப் பார்த்திட்டு லைசன்ஸ் இல்லாமலே சக்கிமுக்கியில துவங்குவம் எண்டு கனபேர் ஓடுறாங்க, அவசரப்படாத. சக்கிமுக்கி பழகக் கஷ்டமானது, கல்லு தேயும், பூட்டோட இரிக்கிற சின்னக் கிண்ணத்தில போடுற மருந்து ஈரமாகும், வில்ல, அதான் விசைய, இழுத்த பொறகு பொறி விழுந்து உள்மருந்து பத்துறதுக்குள்ள ஆடாம நிக்கோணும், புதுசா வாறவன் கண்ண மூடிக்கொண்டு சுட்டுட்டுத் துவக்கில பிழை சொல்லுவான். என்னக் கேட்டா கேப் பூட்டு, 50 கலிபர், அதாவது குழல் வாய் அரை அங்குலம். குழலுக்குள்ள குண்டச் சுழல வைக்கிற வரி முறுக்கு எவ்வளவு எண்டும் கேட்டு வாங்கு: 48 அங்குலத்துக்கு ஒரு சுத்து, இல்லாட்டி அதவிட மெதுவா 60, 66 எண்டு இரிந்தா உருண்டைக் குண்டுக்கு நல்லம். 28 அங்குலத்துக்கு ஒரு சுத்து எண்டா அது நீட்டுக் குண்டுக்குச் செய்தது. இன்லைன் எண்டு புதுமாதிரித் துவக்கும் கடையில நிறைய இரிக்கும், மான் வேட்டைக்காரருக்கு அது சரி, எனக்கு அதுல மனசு ஒட்டுறதில்ல.

அக்கரைப்பற்று காக்கா ஒராள்: மகன் லண்டனில இந்தப் பழக்கத்தில விழுந்திட்டார். மருந்து எண்டு நாலஞ்சு விதம் இரிக்காமே, எது நல்லம்?

காக்கா, இது நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டித்தான் சொல்லோணும். பேர் பேரா டப்பா இரிந்தாலும் சாதி ரெண்டுதான். ஒண்டு அசல் கறுப்பு மருந்து, வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த பழைய மருந்து, கோஎக்ஸ், சுவிஸ் எண்டெல்லாம் பேர் போட்டு வரும். மத்தது அதுக்குப் பதிலா வந்த மாற்று மருந்து, பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன் மாதிரி.

எந்தப் பூட்டு எண்டதுதான் முதல் கேள்வி. சக்கிமுக்கி எண்டா கண்ண மூடிக்கொண்டு அசல் மருந்துதான். மாற்று மருந்து பத்திறதுக்குக் கூடச் சூடு வேணும், கல்லுப் பொறிக்கு அது அசையாது, கிண்ணத்தில புஸ் எண்டு பத்தும், உள்ள ஒண்டும் நடவாது, நீங்க நிண்டு முழுசுவீங்க. கேப் பூட்டுக்கு மாற்று மருந்தும் ஓடும், ஆனா அதுலயும் சிலநேரம் சுணங்கி வெடிக்கும்.

அடுத்தது பருக்கை. நம்மட ஊட்டில ரவை, குறுணி எண்டு அரிக்கிற மாதிரித்தான் இதுவும். எஃப் எண்ட எழுத்துக் கூடக்கூட மருந்து சன்னமாகும், சன்னமானா வேகமா எரியும். ஒரு எஃப் பெரிய பருக்கை, பீரங்கிக்கும் பெரிய வாய்த் துவக்குக்கும். ரெண்டு எஃப் 50 கலிபருக்கும் அதுக்கு மேலயும். மூண்டு எஃப் 45க்கும் அதுக்குக் கீழயும், கைத்துவக்குக்கும். நாலு எஃப் சக்கிமுக்கிக் கிண்ணத்துக்கு மட்டும்தான், அதக் குழலுக்குள்ள கொட்டப்படாது. 50 கலிபருக்கு மூண்டு எஃப் போடுறாக்களும் இரிக்காங்க, நானும் போட்டிரிக்கன், அளவக் குறைச்சு. பழகத் துவங்கிறாளுக்கு ரெண்டு எஃப் போதும்.

அளவு எண்டா, துவக்குச் செய்தவன் தாற புத்தகத்தில என்ன போட்டிரிக்கோ அதுக்கு மேல போகப்படாது. துவங்கிறதுக்குப் பழைய கணக்கு ஒண்டு இரிக்கு, கலிபர் எவ்வளவோ அவ்வளவு கிரெய்ன், 50 கலிபருக்கு 50 கிரெய்ன், மூண்டு கிராமும் கொஞ்சமும் வரும். கடதாசிக் குறிக்கு அது தாராளம். மாற்று மருந்த நிறுக்கப்படாது, கறுப்பு மருந்து அளக்கிற அதே குழாயால கொள்ளளவில அளக்கோணும், பைரோடெக்ஸ் பாரம் குறைஞ்சது, தராசில 50 எண்டு நிறுத்தா உண்மையில கூடப் போட்டிருவீங்க. ட்ரிபிள் செவன் அதவிட உசார், கொள்ளளவிலயும் ஒரு 15 வீதம் குறைச்சாத்தான் கறுப்பு மருந்துக்குச் சமம். அதுல கந்தகம் இல்ல, அதால கூழ்முட்டை நாத்தம் வராது, அது ஒரு நிம்மதி.

மகன் லண்டன் எண்டதால இன்னொண்டு. அங்க துவக்குச் சான்றிதழ் வேற, கறுப்பு மருந்து வாங்கி வைக்கிறதுக்குப் பொலிஸ் தாற வெடிபொருள் சான்றிதழ் வேற. ரெண்டும் இரிக்கா எண்டு கேளுங்க.

ஏறாவூர்: தோட்டாவ வெட்டி அதுக்குள்ள இரிக்கிற மருந்த எடுத்து இடியனுக்குப் போடலாமா?

போடப்படாது, எப்பயுமே போடப்படாது. தோட்டாக்குள்ள இரிக்கிறது புகையில்லா மருந்து. அதே அளவு போட்டா அமுக்கம் பல மடங்கு ஏறும், இடியன்ட குழல் அதுக்குச் செய்ததில்ல. நம்மட கிளப்பில சுவருல ஒரு குழல் தொங்கவிட்டிரிந்தாங்க, பின்பக்கம் வாழைப்பழத் தோல் உரிச்ச மாதிரி மூண்டாப் பிளந்து விரிஞ்சு கிடந்தது. கீழ ஒரு எழுத்தும் இல்ல, எழுதத் தேவையும் இல்ல. புதுசா வாறவனுக்கு முதல் பாடமே அதுக்கு முன்னால கொண்டு போய் நிப்பாட்டுறதுதான்.

சம்மாந்துறை: வெடியுப்பு, கரி எல்லாம் கிடைக்கும்தானே, ஊட்டிலயே மருந்து அரைக்கிற முறையச் சொல்லுங்களன்.

சொல்லமாட்டன் தம்பி. கைவிரலும் கண்ணும் போன ஆக்கள நான் பார்த்திரிக்கன். இலங்கையில அது வெடிபொருள் சட்டத்துக்குள்ள வாற குத்தமும்கூட. அடுத்த கேள்வி.

மண்டூர்: மருந்து போட்டு இடிக்கிற வேலைய வரிசையாச் சொல்லுங்க, அம்மப்பா இடிச்சதப் பார்த்த ஞாபகம் மட்டும்தான்.

எனக்கும் முதல் ஞாபகம் அதுதான். அம்மப்பா வாடிக்குள்ள இரிந்து கொம்பால மருந்த உள்ளங்கையில கொட்டிக் கண்ணளவா அளந்து போட்டு, தேங்காய்த் தும்பு வைச்சு, அரைக்கண்ணாப் பார்த்து இடிப்பார். அந்த அளவுமுறைய நான் கனடாவில போய்ச் சொன்ன நேரம் கிழவன் ஒருத்தன் தலையில கைய வைச்சிட்டான்.

சரியான முறை எண்டா இதுதான். முதல்ல இடிகம்பிய உள்ள விட்டுக் குழல் வெறுமையா எண்டு பார், கம்பியில ரெண்டு கோடு கீறி வைச்சிருக்கோணும், ஒண்டு வெறுங்குழல், மத்தது மருந்தும் குண்டும் போட்ட பொறகு. கேப் ஒண்டு ரெண்ட வெறுசாச் சுட்டா நிப்பிளுக்குள்ள, அதான் கேப் குந்துற ஓட்டைக் குமிழுக்குள்ள, நிக்கிற எண்ணெய் எரிஞ்சு போகும், வாய்க்கு முன்னால புல்லு ஆடினா வழி திறந்திரிக்கு எண்டு அர்த்தம். பொறகு வாய மேல வைச்சு, முகத்த விலத்திப் பிடிச்சு, மருந்த அளவுக் குழாய்க்குள்ள ஊத்தி அங்க இரிந்துதான் குழலுக்குள்ள கொட்டோணும். கொம்பால நேரா ஊத்தினியோ, உள்ள ஒரு கனல் கிடந்தாக் கையில இரிக்கிற கொம்பு முழுக்க வெடிக்கும். மருந்து இறங்கின பொறகு குழலப் பக்கவாட்டில ரெண்டு தட்டுத் தட்டு. பொறகு சீலை, நல்ல இறுக்க நெசவான பருத்திச் சீலை, கொழுப்புப் பூசினது, அதுக்கு மேல சுத்த ஈய உருண்டை. 50 கலிபருக்கு 490 எண்ட உருண்டை, வாய விட ஒரு மயிர்க்கனம் சின்னது, மிச்சத்தச் சீலை நிரப்பும். கட்டைக் குத்துக்கோலால தொடக்கி விட்டு, பொறகு கம்பியக் கிட்டப் பிடிச்சுப் பிடிச்சுச் சாண் சாணா இறக்கு, நீட்டிப் பிடிச்சு அமத்தினா மரக்கம்பி முறிஞ்சு உள்ளங்கையில ஏறும். குண்டு மருந்தில முட்டோணும், இடையில வெளி நிண்டாக் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். கோடு வாய்மட்டத்துக்கு வந்திட்டா சரி. கேப்ப வைக்கிறது கடைசி, சுடுற இடத்துக்குப் போன பொறகுதான்.

கொழுப்புக்கு எண்ட உடன ஒரு கதை. நான் நம்மட ஊர்த் தேங்காய் எண்ணெயப் பூசிப் பார்த்தன், ஆடி ஆவணியில அருமையாப் போகும், ஐப்பசி பிறந்தா அந்தக் குளிருக்குப் போத்திலுக்குள்ளயே கல்லாப் போயிடும். பொறகு தேன்மெழுகு கலந்து உருக்கித் தகரப் பேணியில ஊத்தி வைச்சன். எந்திர எண்ணெய் மட்டும் பூசாதீங்க, கறுப்பு மருந்தோட சேர்ந்து தார் மாதிரி ஒட்டும்.

திருக்கோவில்: வில்ல இழுத்தும் வெடிக்கல்லயெண்டா?

அப்பிடியே குறியப் பார்த்தபடி பிடிச்சுக்கொண்டு நில்லுங்க, ஒரு நிமிஷம். சுணங்கி வெடிக்கும். என்னண்டு பார்ப்பமே எண்டு வாய்க்குள்ள எட்டிப் பார்க்கிற விளையாட்டு வேணாம். பொறகு புதுக் கேப், பொறகு நிப்பிள ஊசியால குத்திப் பார்க்கிறது.

அதுவும் சரிவரல்லயெண்டா அனேகமா நீங்க மருந்து போட மறந்திட்டீங்க. சிரிக்காதீங்க, எல்லாருக்கும் நடக்கும். எனக்கு நடந்த நாள் ஊரில இரிந்து வந்த மச்சான் பக்கத்தில, நான் வாய் ஓயாம விளக்கிக்கொண்டு இடிச்சன், சீலை போட்டன், குண்டு போட்டன், கேப் போட்டன், டிக் எண்டுச்சு. கம்பியில கோடு அரை அங்குலம் கூட உள்ள போய்க் கிடந்தத நான் கவனிக்கல்ல. நிப்பிளக் கழட்டி அந்த ஓட்டையால ஒரு சிட்டிகை மருந்தத் தட்டித் தட்டி உள்ள அனுப்பி, குண்ட ஒருக்காக் கம்பியால அமத்தி இருத்தி, நிப்பிளப் பூட்டிச் சுட்டன், குண்டு பொத்தெண்டு பத்து யார் தள்ளி விழுந்தது. மச்சான் இண்டைக்கும் கலியாண வீடு வழிய அதச் சொல்லுறான். அண்டையில இரிந்து இடிக்கிற நேரம் நான் ஆரோடயும் கதைக்கிறதில்ல.

வந்தாறுமூலையில படிக்கிற தங்கச்சி ஒராள்: இந்தக் கேப் எப்ப வந்தது? கண்டிக் காலத்துத் துவக்கும் இதுதானா?

தங்கச்சி, கேப்புக்கு வழி காட்டினது ஸ்கொட்லாந்துப் பாதிரியார் ஒராள், அலெக்சாண்டர் ஃபோர்சைத். சக்கிமுக்கிக் கிண்ணம் முதல்ல மின்னும், பொறகுதான் குண்டு போகும், அதுக்குள்ள தாரா எழும்பிப் பறந்திரும், அந்த ஆத்திரத்தில அடிச்சாப் பத்துற மருந்தக் கொண்டு ஒரு பூட்டுச் செய்து 1807ல உரிமை எடுத்தார். செப்புக் கேப் அதுக்குப் பொறகு வந்தது. கண்டிக் காலத்துத் துவக்கு சக்கிமுக்கிச் சாதி, அதுல வடிவான வித்தியாசம் பூட்டு இடப்பக்கம் இரிக்கும், பின்கட்டை ரெண்டாப் பிரிஞ்சு சுருண்டு செதுக்கி இரிக்கும். கொழும்பு மியூசியத்தில பார்க்கலாம்.

வாழைச்சேனை: சுட்டு முடிஞ்ச பொறகு துடைச்சாப் போதும்தானே?

போதாது. கறுப்பு மருந்தில பாதிக்கு மேல எரிஞ்சு காத்தாப் போறதில்ல, புகையாவும் கசடாவும் நிக்கும், அந்தக் கசடு உப்பு மாதிரி ஈரத்த இழுக்கும். நம்மட வாவிக்கரைக் காத்துக்கு எண்டா ஒரு ராவிலயே செம்மண் நிறத்துக்கு வந்திரும். நான் ஒருக்காப் பனி கொட்டுற நாளில களைச்சு வந்து நாளைக்குக் கழுவுவம் எண்டு படுத்தன், நாளைக்கு எண்டது மூண்டு நாளாச்சு, குழலுக்குள்ள சீலைய விட்டு இழுத்தா மஞ்சள் அரைச்ச அம்மியத் துடைச்ச மாதிரி வந்தது. அந்தக் குழல் பொறகு நேரே சுடவேயில்ல.

வாளியில சுடுதண்ணி, கொஞ்சம் சவுக்காரம். குழலக் கழட்டிப் பின்பக்கத்த வாளிக்குள்ள விட்டு, கம்பியில சீலை கட்டி மேலயும் கீழயும் இழுத்தாப் பம்பு மாதிரித் தண்ணிய இழுத்துத் துப்பும். முதல் வாளி கோப்பிச் சாயம், ஊடெல்லாம் கூழ்முட்டை மணம், மனிசி வெளியில போய்ச் செய்யச் சொல்லுவா. தண்ணி தெளியும்வரைக்கும் செய்து, கொதிதண்ணி ஒருக்கா ஊத்தினாக் குழல் சூட்டில தானாக் காயும், பொறகு மெல்லிய எண்ணெய். அடுத்தநாள் திரும்பவும் ஒரு வெள்ளைச் சீலைய விட்டுப் பாருங்க.

வெல்லாவெளி: பழைய ஊட்டுக் கூரைக்குள்ள அப்பப்பாட இடியன் ஒண்டு சொருகிக் கிடக்கு. பத்திரம் ஒண்டும் இல்ல. ஒருக்காச் சுட்டுப் பார்க்கலாமா?

வேணாம் மனே. மருந்து போட்டபடியே சொருகி வைச்சிட்டுப் போன துவக்கு எத்தனையோ இரிக்கு, கறுப்பு மருந்து காஞ்சு கிடந்தா அம்பது வருஷத்துக்குப் பொறகும் வெடிக்கும். வெல்டிங் கடைக்குக் கொண்டு போய்ச் சூடு காட்டவும் வேணாம். 1916ம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இடியனையும் சேர்த்துத்தான் பிடிக்கும், அனுமதிப்பத்திரம் இல்லாம வைச்சிரிக்கவே ஏலாது. அசைக்காம விட்டுட்டு, கிராம சேவகரையோ பொலிஸையோ கூட்டி வந்து காட்டு, நீயாத் தூக்கிக்கொண்டு போகாத.

உகணைப் பக்கம் வயல் செய்யிற ஒராள்: பண்டித் தொல்லை தாங்க ஏலாம இரிக்கு, இடியனக் கட்டி வைச்சா என்ன?

கட்டுத்துவக்குப் பத்தி என்னட்டக் கேக்காதீங்க. கயித்தில கால் பட்டா அது பண்டியா, பக்கத்து வயல்காரனா எண்டு துவக்குக்குத் தெரியாது. பண்டிக்குக் கட்டினதில தொடையில சன்னம் ஏறி நொண்டுற ஆனைய நானே பார்த்தன். ஆனைக்கு எண்டா வனஜீவிக் கந்தோரில ஆனை வெடி கேட்டுப் பாருங்க, பண்டிக்கு வேலிய இறுக்குங்க.

கடைசியா நிந்தவூர்: மருந்த எங்க வைக்கிற?

வாங்கின டப்பாவிலயே. வெக்கை, ஈரம், நெருப்பு ஒண்டும் அண்டாத இடம், பிள்ளைகளுக்கு எட்டாத உயரம். இறுக்கிப் பூட்டின இரும்புப் பெட்டிக்குள்ள மட்டும் வைக்காதீங்க, தப்பித் தவறிப் பத்தினா அதுவே குண்டு. மரப்பெட்டி நல்லம். சுடப் போற நேரம் அண்டைக்கு வேணுமானத மட்டும் கொம்பிலயோ பித்தளைக் குப்பியிலயோ எடுங்க. புகையில்லா மருந்து டப்பாவ அந்தத் தட்டிலயே வைக்கப்படாது.

மிச்சக் கேள்விகள் நாளைக்கு, வாய்க்காலில தண்ணி விட்டுட்டாங்களாம், வரம்பு உடைக்க முதல் நான் போகோணும்.